யாருடைய குழி?

சிவப்பிரகாசம் மாமாவிடம் குடியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடு உடைந்தால், உடைத்தது குரங்கு, குரங்கைப் போய்க் கேள் என்பார். கதவு சாத்த வராவிட்டால், வேகமாகச் சாத்தியது யார் என்பார். ஆரணியில் அவருக்கு வரிசையாக மூன்று வீடுகள். மூன்றிலும் அவர் செலவில் அடித்த ஆணி ஒன்று இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

நடு வீட்டில் நாங்கள் ஏழு வருஷமாக இருந்தோம். என் கணவர் வீரபாகு பட்டு நெய்கிறவர். எங்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அடியிலிருக்கும் மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். நாங்கள் குடிவந்த அன்றைக்கு, "வெட்டிக்கோ. காலி பண்றப்போ மூடித் தரையாக்கிக் குடுத்துடணும்" என்று சொன்ன பிறகுதான் மாமா எங்களைக் கடப்பாரையோடு உள்ளே விட்டார்.

எழுபத்தெட்டில் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிவிட்டதென்று ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் குழியும் நிரம்பியது. காலையில் இறைத்துக் கொட்டினால் மத்தியானத்துக்குள் கணுக்கால் வரை மறுபடி ஊறிவிடும். இவர் அந்தத் தண்ணீரிலேயே காலை வைத்துக்கொண்டு நெய்தார். பத்து நாளில் விரலிடுக்கெல்லாம் வெந்துபோய்ப் பாதம் வீங்கிவிட்டது. மருந்து போட்ட கம்பவுண்டர், "இன்னும் ஒரு மாசம் இப்டியே போச்சுன்னா காலை ஊன முடியாதுங்க" என்றார். காலில்லாமல் குழித்தறி ஏது? எங்களுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடையை மடக்காமலே குனிந்து குழியைப் பார்த்தார்.

"சொவுரு என்னுது. ஓடு என்னுது. தரை என்னுது. அதுல எதுனா ரிப்பேர்னா சொல்லு. குழி உன்னுது."

"குழிக்கு அடியில இருக்கறதும் தரைதானே மாமா?"

"நான் குடுத்த தரையைத்தான் வெட்டி வாரிக் கொட்டிட்டீங்களேம்மா. இல்லாத தரைக்கு நான் இன்னா ரிப்பேர் பண்றது?"

"அவர் சொல்றதும் நியாயந்தானே" என்றார் இவர், தண்ணீருக்குள் நின்றுகொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் அதே குழியில் தள்ளி மூடியிருப்பேன்.

செங்கல் கட்டிச் சிமெண்டு பூசினால் தண்ணீர் ஊறாது. ஆனால் அப்போதெல்லாம் சர்க்கார் பர்மிட் இருந்தால்தான் சிமெண்டு. அதற்கு அலைய எங்களால் ஆகாது. மாமாவோ தன் வீட்டுக்கு மாடி எடுக்க வாங்கிய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, காலையும் மாலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் கால் நனையலாம், அவர் சிமெண்டு நனையக் கூடாது.

போதுமடா சாமி என்று அடுத்த தெருவில் வீடு பார்த்தேன். இருட்டு வீடுதான், ஆனால் மேட்டில் இருந்தது. காலி பண்ணுகிறோம் என்றதும், ஒரு வார்த்தை இருங்கள் என்று சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வரவில்லை. நான்காம் நாளே கலசப்பாக்கத்துப் பக்கத்திலிருந்து துரைக்கண்ணு என்ற நெசவாளியை வீடு பார்க்கக் கூட்டிவந்துவிட்டார்.

"குழி ரெடியா இருக்குது. நாளைக்கே தறி போட்டுக்கலாம். புதுசா வெட்டணும்னா நாள் பாக்கணும், பூசை போடணும், பேஜாரு" என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து குழியில் கொட்டினேன். மிரட்டலுக்காக இல்லை. கொடுத்த வாக்குப்படி மூடுவதற்காகத் தறியைப் பிரித்து வைத்துவிட்டு, வாசலில் ஒரு வண்டி மண் இறக்கியிருந்தேன்.

"ஏம்மா கன்னியம்மா! இன்னா பண்ற?"

"எங்க குழியை மூடறோம் மாமா. தரையாக்கிக் குடுக்கச் சொன்னீங்களே."

"போடாதே, போடாதே! குழி வீட்டோட சேந்தது!"

"அப்டின்னா யாருது?"

மாமா கூடையைப் பார்த்தார். துரைக்கண்ணுவைப் பார்த்தார். "என்னுதுதான்" என்றார், வாய்க்குள்ளேயே.

"அப்போ அந்தத் தண்ணி யாருதுங்க?" இதைக் கேட்டது நானில்லை, துரைக்கண்ணு.

பதிலுக்குக் காத்திராமல் அவர் குழியோரம் உட்கார்ந்து காலை விட்டுப் பார்த்தார். கால் அடியை எட்டவில்லை. எக்கினார், அப்போதும் எட்டவில்லை. என் கணவர் நெட்டை, தன் காலுக்கு அளந்து வெட்டிய குழி அது. துரைக்கண்ணு குட்டை. "கெணறு மாரி இருக்குதுங்க, எனக்கு ஆவாது" என்று வேட்டியை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் மாமா எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை காத்தவராயன் மேஸ்திரி செங்கலோடு வந்து நின்றார். பின்னாலேயே மாடிக்கு வைத்திருந்த சிமெண்டில் ஒரு மூட்டை வந்தது. அதற்குப் பின்னால், உர்ரென்று மாமா.

"என்னுதுன்னு வாய விட்டுட்டேன். கட்டித்தானே ஆவணும்?"

மேஸ்திரி தண்ணீரை இறைத்துவிட்டுக் குழிக்குள் நின்றார். "ஆழம் எவ்ளோ வெக்கட்டும்? ஒரு சாண் தூக்கிட்டா நாளைக்கு யாரு வந்தாலும் ஒக்காரலாம். செங்கலும் மிச்சம்."

குழியைக் கட்டிவிட்டால் அந்த இருட்டு வீட்டுக்குப் போக வேண்டாமென்று அப்போதுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் தூக்கினால் ஊரில் எல்லாரும் உட்காரலாம், இவர் ஒருவரைத் தவிர. முட்டி தறியில் இடிக்கும். குழி என்னுடையது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தவள் நான்தான். தன் குழியை அவர் எந்த அளவிலும் கட்டிக்கொள்ளலாம், கேட்க எனக்கு வாயேது?

மாமா குழியோரம் வந்து குனிந்து பார்த்தார்.

"வீரபாகு, இப்டி வந்து காலை எறக்குப்பா. மேஸ்திரி அளக்கட்டும்."

இவர் வீங்கின காலை மெதுவாக உள்ளே விட்டார். மேஸ்திரி குனிந்து கயிற்றைப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷமாகத் திட்டியே பழகின மனுஷருக்கு உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி போட்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றார். அப்பாடா, பழைய மாமாதான் என்றிருந்தது.