முகில் இல்லாத பூமி

இன்ஷாப்புக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, பற்றியே எரிந்தது. அவனுடைய கூட்டாளி ஸஜ்ஜாத்தின் அறையில் அந்தப் புதுக் கணினி மேசையை அடைத்துக்கொண்டு நின்றது. கட்டாரில் இருக்கும் அவனுடைய அண்ணன், மூத்த காக்கா, அனுப்பியதாம்!

இத்தனைக்கும் விண்கலம் ஓட்டும் அந்த விளையாட்டை ஸஜ்ஜாத்துக்குக் காட்டிக் கொடுத்ததே இன்ஷாப்தான். சுற்றுப்பாதை பிடிப்பது, சந்திரனில் நொறுங்காமல் இறங்குவது, எல்லாம் அவன் படிப்பித்தது. விளையாட்டின் பூமிக்கு முகிலும் கடல் மினுக்கமும் சேர்த்து அசல்போல் ஆக்கும் 'மொட்' என்னும் மேலதிகக் கோப்புத் தொகுதி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். மூன்று வாரமாகக் கைப்பேசி இணைப்பில் அதைச் சொட்டுச் சொட்டாக இறக்கினான். தன் பழைய மடிகணினியில் போட்டான். அது ஒருதரம் இரைந்தது, உறைந்தது, அணைந்தது. அதில் பூமி இன்றைக்கும் சாயம் அடித்த பந்துதான்.

"உன்னை விட்டா இதெல்லாம் ஆருக்குத் தெரியும், மச்சான்? நீயே வந்து போட்டுத் தா," என்று ஸஜ்ஜாத் கூப்பிட்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு இன்ஷாப் பென் டிரைவுடன் வந்துவிட்டான். வராமல் இருக்க முடியவில்லை. அந்தப் பூமியைக் கண்ணால் ஒருதரமாவது பார்க்க வேண்டுமே!

பழைய கோப்புகளைப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, புதியவற்றை உரிய இடத்தில் போட்டான். வேலையில் அவன் சுத்தம். ஸஜ்ஜாத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போன நேரம் பார்த்து விளையாட்டைத் திறந்தான்.

அல்லாஹ்! இலங்கைக்கு மேலே முகில்கள் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் கிடந்தன. அவற்றின் நிழல் கடலில் விழுந்தது. கிழக்குக் கரையில் திருகோணமலைத் துறைமுகம் உள்வளைந்து தெரிந்தது. இன்ஷாப் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனான். பாடுபட்டவன் நான், நாளாந்தம் இருந்து பார்க்கப்போவது இவனா?

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். முகில், வேண்டாம். கடல் மினுக்கம், வேண்டாம். படத்தின் தரம், ஆகக் குறைந்தது. சேமித்தான். மொட்டின் புதுக் கடல் நீலமும் கரைகளும் மட்டும் மிஞ்சின.

"முடிஞ்சுதா, மச்சான்?"

"ஓம். இதுதான்."

ஸஜ்ஜாத் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். "யா அல்லாஹ், என்ன வடிவுடா!" இன்ஷாப்புக்கு இன்னும் எரிந்தது. கெடுத்துக் கொடுத்தும் அவன்தானே சிரிக்கிறான்!

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுத் தாஹிர் வந்தான். குறை சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு செமிக்காது. திரையைப் பார்த்தான். தன் கைப்பேசியில் ஒரு வீடியோவை எடுத்து நீட்டினான். அதில் முகில்கள் மிதந்தன.

"இஞ்ச பாரு, இதுவும் அதே மொட்தான். உன்ட பூமியில முகிலே இல்லையே! உன்னை நல்லா ஏமாத்திப் பேய்க்காட்டிட்டாங்க."

ஸஜ்ஜாத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைப் பொத்து, தாஹிர்! இன்ஷாப் போட்டது இது. அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? வீடியோவை வெட்டி ஒட்டிப் போடுவாங்க, நீ நம்பிக்கொண்டு திரியிற. எனக்காக மூண்டு கிழமை இருந்து இறக்கினவன்டா இவன்!"

'எனக்காக' என்றான். இன்ஷாப் தலையைக் குனிந்துகொண்டான். மவுஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 'மறந்துபோனேன், மச்சான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகில் ஸஜ்ஜாத்தின் கண்ணில் படும் என்று நினைத்ததும் திரும்பிப் போய்விட்டது.

"நீயே சொல்லு, மச்சான். இதுக்கு மேல வடிவாக்க ஏலுமா?"

"ஏலாது," என்றான் இன்ஷாப்.

"கேட்டியா!" என்று தாஹிரிடம் சொன்ன ஸஜ்ஜாத், கதிரையை இழுத்து இன்ஷாப்பை அதில் இருத்தினான். "முதல் ஓட்டம் நீதான் ஓடணும். இனி நினைச்ச நேரமெல்லாம் வா."

இன்ஷாப் விண்கலத்தைக் கிளப்பினான். இனி எத்தனை தரம் வந்தாலும் அந்த முகிலைப் பார்க்க அவனுக்கும் வழியில்லை. ஸஜ்ஜாத் அவன் தோளில் கையைப் போட்டபடி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.