மூன்றாம் வீட்டுக் கதவு

என் வேலையின் பெயர் 'பயந்த பெண்'. நியமனக் கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ராணுவப் பயிற்சிக்காகக் கணினித் திரைக்குள் ஒரு விளையாட்டுத் தெருவைக் கட்டியிருக்கிறார்கள். அதில் மூன்றாம் வீட்டில் நான் குடியிருக்க வேண்டும். என் நிஜ வீட்டுப் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால், எங்கோ முகாமில் இருக்கும் வீரர்கள் வந்து என் கதவை உதைத்துத் திறப்பார்கள். நான் அலறிக்கொண்டு ஒடுங்குவேன். அலறல் இயல்பாக இல்லை என்று ஒருமுறை திரும்ப அலறச் சொன்னார்கள். பிழைப்பு அப்படி.

போன மாதம் நிஜ வீரர்கள் எங்கள் நிஜத் தெருவுக்கு வந்தார்கள். யார் வந்திருப்பது என்று பார்க்க அப்பா தாழ்ப்பாளில் கை வைத்தார். அதற்குள் உதைத்தார்கள்; கதவு அவர் மேலேயே விழுந்தது. "தப்பான வீடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மன்னிப்பு இல்லை. அப்பா தோளில் கட்டுடன் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்.

இன்று வீரர்களுக்குக் கடைசித் தேர்வு. இதில் தேறியவர்கள் அடுத்த வாரம் எங்கள் பகுதிக்குத்தான் வருகிறார்கள். சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார். நான் திரைக்குள் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டேன். அந்த விளையாட்டில் ஒரு கோளாறு உண்டு. பின்னால் ஆள் நின்றால் கதவு அசையாது.

உதைத்தார்கள். மறுபடி உதைத்தார்கள். ஆயுதமில்லாதவரைச் சுட்டால் மொத்தக் குழுவும் தோற்றுவிடும். அதனால் சுடவும் முடியாது.

"பயந்த பெண், நகருங்க" என்றார் சூப்பர்வைசர். அந்தத் தெருவில் ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும்.

"தட்டச் சொல்லுங்க சார். திறக்கிறேன்."

"விளையாட்டை வினையாக்காதீங்கம்மா."

"ஏற்கெனவே வினையாயிடுச்சு. எங்கப்பா தோள் எலும்பு முறிஞ்சு கிடக்கிறார்."

வெளியிலிருந்து குழுத் தலைவனின் இளங்குரல் கேட்டது. "அக்கா, எங்க மார்க் போயிடும். திறங்களேன்."

"தட்டுங்க தம்பி. அவ்வளவுதான் கேட்கிறேன்."

"தட்டுறதுக்கு பட்டன் இல்லக்கா."

உதைக்கப் பட்டன், சுடப் பட்டன், குண்டு எறியப் பட்டன். இத்தனை பேர் இத்தனை காலம் உட்கார்ந்து செய்த விளையாட்டில் கதவைத் தட்ட வழியில்லை.

"வாய் இருக்கில்ல? வாயால தட்டுங்க."

அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "டக், டக்." யாரும் சிரிக்கவில்லை. "அக்கா, நாங்க ராணுவம். வீட்டைச் சோதிக்கணும். கதவுகிட்ட யாராவது இருந்தா தள்ளி நிக்கச் சொல்லுங்க."

இந்த ஒரு வார்த்தையை யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால்? கண் கலங்கியது. விலகி நின்று நானே கதவைத் திறந்தேன். "உள்ள வாங்க தம்பி."

சூப்பர்வைசர் கொதித்துப் போயிருந்தார். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

"சரி சார். ஆனா கேட்டது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் வீரர்கள் பக்கம் திரும்பினார். "நாலாம் வீட்டுக்குப் போங்கப்பா. உதைங்க" என்றார்.

நாலாம் வீட்டில் 'பயந்த கிழவர்'. ஓய்வுபெற்ற குமாஸ்தா. எதைச் சொன்னாலும் "ஆமாம் சார்" என்பதால் எங்களுக்குள் அவர் பெயரே ஆமாம்சார்தான். ஹெட்போனைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றேன். உதை விழும் சத்தம் கேட்டது. இன்னொன்று. கதவு அசையவில்லை.

"பெரியவரே, பின்னால நிக்கிறீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமாம் சார்" என்றார் அவர். "என் வீட்டையும் தட்டச் சொல்லுங்க சார்."