மூன்று மடிப்பா, நான்கு மடிப்பா

யோசேப்பு சுவாமியார் சனிக்கிழமை இரண்டு மணிவரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் றெக்ஸ் அண்ணையின் பிக்கப் வண்டியின் பின்பெட்டிக்கு மழை புகாத மூடி போட்டாக வேண்டும். இல்லையென்றால் கெவலார் மாதா பவனியில் ஒலிபெருக்கி வேலை வுப்பெர்ட்டால் ஊர்க்காரருக்குப் போய்விடும்.

றெக்ஸ் அண்ணை என் சகலன். என் மனைவி பிறின்சியின் அக்கா டொறத்தியைக் கட்டியவர். வாரநாட்களில் கெல்சென்கிர்ச்சன் நகரில் பேருந்து ஓட்டுகிறார். அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. அவர் பேசுவது ஓகஸ்ட் மாதத்து அந்த ஒருநாளைப் பற்றித்தான். மாதா சுரூபத்துக்குப் பின்னால், ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு முன்னால், நடைவேகத்தில் பிக்கப்பை உருட்டிக்கொண்டு போவார். கூரையில் நான்கு குழல் ஒலிபெருக்கிகள். பின்பெட்டியில் அம்பிளிபையர். டொறத்தி அக்கா மைக்கைப் பிடித்து நடந்தபடி செபமாலை சொல்வார். பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

போன வருடம், 2007இல், செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தில் மழை கொட்டியது. அம்பிளிபையருக்கு மேல் அண்ணை கட்டியிருந்த பொலித்தீன் விரிப்பைக் காற்று கழற்றி, வீதியோரம் நின்ற ஒரு ஜெர்மன் கிழவியின் தலையில் போட்டது. குழல்கள் விக்கி விக்கி நின்றுபோயின. முன்னால் போனவர்கள் ஐந்தாம் இரகசியத்தை முடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் மூன்றிலேயே நின்றார்கள். நடுவில் அகப்பட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டுப் பாடினார்கள். சுவாமியார் அண்ணையோடு மூன்று மாதம் பேசவில்லை.

இந்த முறை மூடி வாங்க என்னையும் கூட்டிப்போனார்கள். போஹுமில் இயந்திரவியல் படித்தவன், கையேட்டு ஜெர்மன் விளங்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். பிறின்சி இறந்து ஒன்பது மாதம். யார் எங்கே கூப்பிட்டாலும் போய்க்கொண்டிருந்தேன். போகாமல் இருப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். எது வேண்டும் என்று கேட்டால், எதுவும் என்பேன். கல்லறைக் கல்லுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

ஹெர் பிறிங்மனின் உதிரிப்பாகக் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். அங்கே இரண்டு மூடிகள் இருந்தன. ஒன்று அலுமினியம், மூன்று மடிப்பு. மெல்லியது. ஒற்றை ஆள் புரட்டிப் போடலாம். மற்றது கண்ணாடி இழைப் பலகை, நான்கு மடிப்பு. பாரம். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் துளை போடத் தேவையில்லை, விளிம்பில் பிடிகளை இறுக்கினால் போதும் என்றார் பிறிங்மன்.

அண்ணைக்குப் பாரமானதில் கண். கனமான சாமான்தான் நின்றுபிடிக்கும் என்றார். டொறத்தி அக்கா சம்மதிக்கவில்லை. வெயிலில் அம்பிளிபையர் கொதிக்கும், ஆகவே மூடி திறந்துதான் இருக்க வேண்டும். மழை வந்தால் உடனே மூட வேண்டும். எத்தனை 'அருள் நிறைந்த மரியே' செபத்துக்குள் மூடலாம், அதுதான் கேள்வி என்றார்.

பிறிங்மன் நிறுத்தற் கடிகாரத்தை நீட்டினார். அக்கா வேண்டாம் என்றார். பவனியில் யாரும் விநாடி பார்த்து நடப்பதில்லை. அவர் செபம் சொல்ல, அண்ணை மூடினார். மூன்று மடிப்புக்கு இரண்டு அருள் நிறைந்த மரியே. நான்கு மடிப்பை நானும் அண்ணையும் சேர்ந்து மூடினோம். ஏழு.

"நீர் கள்ளம் செய்யிறீர்," என்றார் அண்ணை. "மூண்டு மடிப்புக்குப் பெரிய வியாழன் மாதிரி இழுத்தீர். நாலு மடிப்புக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவள் மாதிரிச் சொல்லுறீர்."

"செபத்திலை கள்ளம் செய்யிற ஆள் நானில்லை. கதவு பூட்டிறதுக்கே பத்து நிமிசம் எடுக்கிற ஆள் ஆரெண்டு பேருந்திலை வாற சனத்தைக் கேளுங்கோ."

என்ன சண்டை என்று பிறிங்மன் என்னிடம் கேட்டார். அளவீட்டு அலகு பற்றிக் கருத்து வேறுபாடு என்றேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார்.

அடுத்தது தண்ணீர்ப் பரிசோதனை. மூன்று மடிப்பை மீண்டும் பொருத்தினோம். உள்ளே பழைய பத்திரிகையை விரித்து, மேலே தண்ணீர் அடித்து, பிறகு பார்க்கலாம் என்றார் பிறிங்மன். அண்ணை ஒப்பவில்லை. காகிதம் நனைந்தது என்று மட்டும் காட்டும். எப்போது, எங்கிருந்து என்று சொல்லாது. ஆள்தான் படுக்க வேண்டும். அண்ணைக்கு வயிறு இடம் கொடுக்காது. அக்கா முறைத்தார். மிச்சம் நான்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறிப் படுத்தேன். கால் நீட்ட இடமில்லை. முழங்காலை மடித்தேன். மூடி விழுந்தது.

இருட்டு. றப்பர் மணம். மேலே தண்ணீர் சல்லி கொட்டுவதுபோல விழுந்தது. அண்ணை ஏதோ கத்திக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் நின்றது. பேச்சும் நின்றது. அக்காவின் குரல், மிகத் தாழ்ந்து, கேட்டது.

"இஞ்சாருங்கோ. ஆரைக் கொண்டுபோய் உந்தப் பெட்டிக்கை படுக்க வைச்சு மூடியிருக்கிறம்."

கொளுக்கியில் கை படும் சத்தம் கேட்டது. திறப்பார்கள், அந்த முகத்தோடு குனிந்து பார்ப்பார்கள். ஒன்பது மாதமாக எல்லாரும் எனக்கு வைத்துக்கொள்ளும் முகம். அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு விழுந்தது.

"மூக்கிலை ஒரு சொட்டு," என்றேன்.

கொளுக்கிச் சத்தம் நின்றது. பிறகு அண்ணை கேட்டார். "எந்தப் பக்க மூக்கிலை?"

"எனக்கு ஒண்டுதான் இருக்கு, அண்ணை."

வெளியே அக்காவுக்கு விக்கல் வந்ததுபோல இருந்தது. விக்கல் இல்லை, சிரிப்பு. அண்ணை தொடங்கினார். ஒன்றும் விளங்காத பிறிங்மனும் தொடங்கினார். உள்ளேயும் யாரோ சிரித்தார்கள். அடைத்த இடம், சத்தம் பெரிதாக இருந்தது. அது நான்தான் என்று தெரியச் சற்று நேரம் எடுத்தது.

நான்கு மடிப்புக்குள்ளும் படுத்தேன். அண்ணை குழாயின் முழு வேகத்தையும் திறந்துவிட்டார். ஒரு சொட்டும் இல்லை. இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

வெளியே வந்தபோது மணி ஒன்று இருபது. அண்ணை ஒரு பழைய வண்டிச் சில்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கெதியா மூடுறது ஒழுகுது. ஒழுகாததைக் கெதியா மூட ஏலாது. வுப்பெர்ட்டால்காரரைக் கூப்பிடச் சொல்லி சுவாமிக்குச் சொல்லுவம்."

அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் நிலைமை மோசம் என்று விளங்கியது. அவர் அருகில் போய் அவருடைய நனைந்த சட்டைக் கொலரை நேராக்கிவிட்டார்.

மூன்று மடிப்பைத் திரும்பப் போடுங்கள் என்றேன். ஏன் என்றார் அண்ணை. படுக்க வேண்டும் என்றேன். அக்கா வேண்டாம் என்று தொடங்கினார். நான் ஏறிவிட்டேன். பிறிங்மனிடம் ஒரு சோக்கட்டியும் கைவிளக்கும் வாங்கிக்கொண்டேன்.

ஆறு தரம் அடித்தார்கள். இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து, மேலிருந்து, கடைசியில் அக்காவின் விருப்பப்படி கண்டபடி. ஒவ்வொரு தரமும் முதல் மடிப்பின் இடது ஓரத்திலிருந்துதான் ஒழுகியது. வேறெங்கும் இல்லை. சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிச் சோக்கால் வட்டம் போட்டேன். ஒரு உள்ளங்கை அகலம். வெளியே வந்தபோது என் சட்டையில் துருவும் சோக்கும். அக்கா பார்த்துவிட்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

"அம்பிளிபையரை வலப்பக்கம் வைப்பம்," என்றேன். "வட்டத்துக்குள்ளை ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அவ்வளவுதான்."

"ஆற்றை கோப்பை?" என்றார் அண்ணை.

"உங்கடைதான்," என்றார் அக்கா. "பெரிசு."

அண்ணை எழுந்தார். "அப்ப எது, தம்பி? நீ சொல்லு."

"மூண்டு மடிப்பு," என்றேன். எதுவும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு அண்ணை சுவாமியாருக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். மூடி போட்டாயிற்று, இனி மழை புகாது என்றார். போன வருடமும் இதைத்தானே சொன்னீர், என்ன சாட்சி என்று கேட்டார் சுவாமியார். சகலன் உள்ளே படுத்துப் பார்த்தவர் என்றார் அண்ணை. சுவாமியாரின் குரல் தணிந்தது.

"நிலக்ஷனோ? போனை அவரிட்டைக் குடும்."

கொடுத்தார். ஒழுகியதா என்று சுவாமியார் என்னிடம் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"ஓம், சுவாமி," என்றேன். "ஒரு சொட்டு."

அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கே என்று கேட்டார் சுவாமியார். முதல் மடிப்பு, இடது ஓரம், ஏழு தரமும் அதே இடம் என்றேன்.

"ஏழு தரம் உள்ளுக்கை படுத்தனீரோ?"

"ஓம். மற்றதுக்கை ஒரு தரம்."

சுவாமியார் இருமினார். இருமல் முடியும் இடத்தில் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. போன வருடம் தன் சப்பாத்துக்குள் நின்ற தண்ணீரோடு பார்த்தால் ஒரு சொட்டு பெரிதில்லை என்றார். இருக்கிற ஓட்டையை இல்லை என்று சொல்லாத ஒருவன் பக்கத்தில் நடந்து வந்தால், றெக்ஸையே ஓட்டச் சொல்லலாம் என்றார். நடக்க ஏலுமோ என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

அண்ணை அழுவாரோ என்று நினைத்தேன். அவர் பின்பெட்டியில் ஏறினார். அந்தச் சொட்டைத் தானும் பார்க்க வேண்டுமாம். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தார். மூடினோம். அக்கா குழாயை எடுத்தார். முழுவதாகத் திறந்தார். நிறுத்தவில்லை. உள்ளிருந்து காலால் உதைக்கும் சத்தமும் டொறத்தி, டொறத்தி என்ற கத்தலும் வந்தன.

கடை பூட்டும் நேரம். பிறிங்மன் சாவிக் கொத்தோடு வந்து, உள்ளே என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மிகவும் திருப்தியாம் என்றேன்.