முதுகைக் காட்டி வந்தவள்

கல்லூரியில் உளவியல் நடத்துகிறவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே கூடாது என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அவனுக்குப் பிள்ளையாகப் பிறக்கவும் கூடாது. இது நானே சேர்த்துக்கொண்டது.

அவளுக்குக் கப்பலில் வேலை, மின் பொறியாளர். ஏறினால் எட்டு மாதம் கடல்தான். பாப்பாவுக்கு ஒன்றரை வயது முடிந்ததும் போனவள், அன்று மதியம் திரும்பி வருவதாக இருந்தது. அடுத்த பயணத்துக்கு வருகிறாயா, இல்லையா என்று கம்பெனி நச்சரித்துக்கொண்டிருந்தது. போன வாரம் போனில் சொன்னாள்.

"பாப்பா என்னைப் பார்த்ததும் வந்துட்டான்னா, இன்னொரு தடவை நிம்மதியாப் போயிட்டு வருவேன். வரலைன்னா வேலையை விட்டுடறேன். நீ என்ன சொல்ற?"

"உன் இஷ்டம்," என்றேன்.

பெரிய மனசுக்காரன் மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குப் பாப்பா அவளை ஒதுக்க வேண்டும். மகள் பெற்றவளை ஒதுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தகப்பன் எங்காவது உண்டா? அதே சமயம், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் அதைப் பார்க்கவும் ஆசைதான். எது நடந்தாலும் ஒரு கண்ணால் சிரித்து ஒரு கண்ணால் அழ வேண்டிய நிலைமை.

போதாக்குறைக்கு என் பிழைப்பு வேறு. வருடா வருடம் இதைத்தான் வகுப்பில் நடத்துகிறேன். ஒரு அறை, சில பொம்மைகள், ஒரு தாய், ஒரு குழந்தை. தாய் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவாள். குழந்தை அவளிடம் ஓடி வந்து, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போனால் பிணைப்பு உறுதியாக இருக்கிறது. கண்டும் காணாததுபோல் இருந்தால் அது ஒரு வகை. தூக்கச் சொல்லி அழுதுவிட்டு, தூக்கியதும் உதைத்தால் இன்னொரு வகை. இந்தத் தடம் பிறகு நட்பிலும் காதலிலும் முதுமையிலும்கூடத் தலைகாட்டும், ஆனால் மாறவே மாறாது என்றில்லை என்று முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நானும் மார்க் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கீழ்வீட்டில் இருக்கும் என் அக்காதான் பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் கூடத்தைப் பெருக்கி, பொம்மைகளை நடுவில் பரப்பி, நாற்காலிகளை ஓரம் தள்ளியதைப் பார்த்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னடா, பொண்டாட்டி வர்றாளா, இன்ஸ்பெக்டர் வர்றாரா?"

"குழந்தை இயல்பா இருக்கணும்க்கா."

"முதல்ல நீ இயல்பா இரு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

அழைப்பு மணி அடித்தது. அக்காதான் கதவைத் திறந்தாள். மனைவி கறுத்துப்போயிருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தோள்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பாப்பா," என்றாள்.

நான் அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். எழுந்து வாசலை நோக்கி இரண்டடி வைத்தாள். பிறகு சட்டென்று திரும்பி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தாள். கண் சுவரில் இருந்தது. பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

பயந்து குழம்பிய குழந்தைகளைப் பற்றி நான் நடத்தும்போது அச்சு அசல் இந்தக் காட்சி வரும். அம்மாவிடம் போகவும் வேண்டும், போகவும் பயம், அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரும் குழந்தை. ஆனால் நான் கதைப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்தாலும் பாப்பா இப்படித்தான் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து மடியில் தொப்பென்று உட்காருவாள். இது அந்தப் பயமா, மடிக்கு வருகிற இந்தப் பழக்கமா? இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவனுக்குச் சொந்த வீட்டில் ஒன்றும் விளங்கவில்லை.

பாப்பா மறுபடி நகர்ந்தாள். அம்மாவின் முழங்கால் முதுகில் பட்டதும் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. மனைவி அவளைத் தொடப் பயந்து கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்? நீதானே படிச்சவன், சொல்லு."

சொல்லியிருக்கலாம். குழந்தை ரொம்பப் பயந்துபோயிருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும், இவள் இனி கப்பல் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியல," என்றேன். "சத்தியமாத் தெரியல."

அக்காவுக்கும் தெரியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

"சரி, பாப்பாவை விடு," என்றாள் மனைவி. "கதவு திறந்ததுலேர்ந்து நீ அவளையேதான் பார்த்துட்டு நிக்கற. நான் வந்தது உனக்கு எப்படி இருக்கு?"

"நீ இருக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பாப்பாவுக்காக இல்ல. எனக்காக. நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே பிடிக்கல. உன் இஷ்டம்னு சொன்னது பொய்."

அவள் முகம் கோணிக்கொண்டது.

"அடுத்த பயணத்துக்கு வர்றேன்னு ஏர்போர்ட்லேர்ந்தே கம்பெனிக்குச் சொல்லிட்டேன்."

"பாப்பாவைப் பார்க்காமலேவா?"

"பார்த்து, அவ வரலைன்னா? அதை என்னால தாங்க முடியாது. அதான் முந்திக்கிட்டேன். இங்க யாருக்குமே நான் வேணாம்போலன்னு நினைச்சேன். நீயும் ஒரு வார்த்தை இருன்னு சொல்லல. இப்பப் போய்ச் சொல்றியே, நான் என்னடா பண்ணுவேன்?"

அழ ஆரம்பித்தாள். பாப்பா அண்ணாந்து, கண்ணீர் சொட்டும் அந்த முகவாயை முதல் முறையாகப் பார்த்தாள். நான் கீழே கிடந்த மனைவியின் பையைத் திறந்து அழுக்குத் துணிகளைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கினேன்.

"துணி எங்கயும் ஓடிப்போகாது," என்றாள். "இங்க வா."

வந்ததிலிருந்து நான் அவள் பக்கத்தில்கூடப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போனேன்.