காலை மடித்து ஓட்டிய கார்

ஆச்சிப்பிள்ளையின் வாசல் படலைக்கு முன்னால் எங்கள் குடும்பம் வண்டியை நிறுத்தவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கார் வாவிக்குள் போனது உண்மை. நிறுத்தினோம் என்று ஊரில் சிலர் சொல்லித் திரிவது பொய்.

என் பெயர் அழகரத்தினம். தேற்றாத்தீவுக்கு மேற்கே, வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் சிற்றூரின் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நான் வண்ணக்கர், அதாவது நிர்வாகத் தலைவர். கோயில் பொறுப்பு எங்கள் குடியின் கையில் இருக்கிறது. அது தாய்வழியில் வருவது. எனக்கு முன் என் தாய்மாமன் பார்த்தார், எனக்குப் பின் என் தங்கையின் மகன் வினோஜன் பார்ப்பான்.

வைகாசியில் வரும் குளிர்த்தித் திருவிழாவன்று வண்ணக்கர் வீட்டிலிருந்து அம்மனுக்கு மடைப்பெட்டி போகவேண்டும். பனையோலைப் பெட்டிக்குள் வெற்றிலை, பாக்கு, பழம், பச்சரிசி, ஒரு பட்டு, மேலே வெள்ளைத் துணி. வீட்டிலிருந்து கோயில் ஒன்றரைக் கிலோமீற்றர். புறப்பட்ட பெட்டி இடையில் நிற்கக்கூடாது. கொண்டுபோகிறவர் தன் விருப்பத்தில் ஒரு வாசலில் நின்றால், அந்த வீட்டார் தங்கள் வெற்றிலையைப் பெட்டிக்குள் வைக்கலாம். வைத்தால் அன்றிலிருந்து மடையில், அம்மனுக்கான படையலில், அவர்களுக்கும் பங்கு. பூசை செய்யும் கட்டாடியார் அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுவார். எங்கள் ஊர் வழக்கம் இது.

ஆச்சிப்பிள்ளையின் வீடு அந்த வழியில்தான் இருக்கிறது. அவள் என் பெரியம்மாவின் மகள், எங்கள் குடிதான், என்னைவிட மூன்று வயது மூத்தவள். தன் அண்ணனுக்கு வரவேண்டிய பதவி எனக்கு வந்துவிட்டது என்று முப்பத்தொரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஒவ்வொரு குளிர்த்திக்கும் வெற்றிலைத் தட்டத்தோடு படலையில் நிற்பாள். நானும் ஒவ்வொரு குளிர்த்திக்கும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தை வாவிப் பக்கம் திருப்பியபடி அவளைக் கடந்து போவேன்.

இந்த வருடம் என் முழங்கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. சுமை தூக்கி நடக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பெட்டியை வினோஜனின் தலையில் கொடுக்கலாமே என்றாள் என் மனைவி. வண்ணக்கர் உயிரோடிருக்க இன்னொருவர் பெட்டியைச் சுமந்தால் பதவி கைமாறிவிட்டது என்று அர்த்தம். நான் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் வினோஜன் தன் காரைப் பற்றிச் சொன்னான். கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்து வாங்கிய, ஜப்பானில் ஏற்கெனவே ஓடிய கார். முன் ஆசனத்தில் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் சுமப்பவர் நான்தான். சக்கரம் மட்டும் வேறு. அதில் குற்றமில்லை என்று எனக்கும் பட்டது.

வழியைப் பழகிப் பார்க்கக் குளிர்த்திக்கு ஐந்து நாட்களுக்கு முன் வெறும் பெட்டியோடு போனோம். ஆச்சிப்பிள்ளையின் படலையடியில் அவள் ஒரு சுளகு நிறையக் கருவாட்டோடு வீதியைக் கடந்தாள். கார் கீச்சென்று கத்தியது. உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது. அடுத்த கணம் வண்டி அவளுக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றது. என் நெற்றி பெட்டியில் முட்டியது.

நான் வினோஜனைப் பார்த்தேன். தான் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்றான்.

"முன்னுக்கு ஆள் வந்தா தன்பாட்டில நிக்கும், மாமா. கண்ணாடிக்கு மேல கமரா இரிக்கி, முன்பக்கச் சின்னத்துக்குள்ள இன்னொரு சாமான் இரிக்கி. அது பாத்துக்கொள்ளும்."

ஆச்சிப்பிள்ளை காரைச் சுற்றிப் பார்த்தாள். சுளகை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என்னிடம் பேசாமல், காரிடம் பேசினாள். "உனக்காவது மரியாதை தெரிஞ்சிரிக்கி."

அன்று பின்னேரமே அவளுடைய திட்டம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குளிர்த்தியன்று வீதியின் நடுவே முக்காலி போட்டு நிறைகுடம் வைப்பாளாம். அதற்கு அருகில் தட்டத்தோடு தான் நிற்பாளாம். அம்மனின் மடை வரும் பாதையில் நிறைகுடம் வைப்பதை யாரும் தடுக்க முடியாது. கார் தானாகவே நிற்கும். நின்றால் பங்கு.

அடுத்த நாள், அந்த அமைப்பை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்க வினோஜனும் நானும் காத்தான்குடிக்குப் போனோம். இப்படியான கார்களைத் திருத்துகிற நஸீர் அங்கே இருக்கிறார். பொறுமையான மனிதர். திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. எந்த இடத்தை அழுத்துவது என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதே எனக்கு வேறு யோசனை வந்தது. தாய்மாமன் காலத்தில் பெட்டி மாட்டு வண்டிலில் போனபோது, ஒரு மாடு ஒரு வாசலில் தானாக நின்று சாணம் போட்டது. மாடு நின்றதற்கு மனிதர் பொறுப்பில்லை, அந்த வீட்டுக்குப் பங்கில்லை என்று அன்று தீர்த்தார்கள். கார் தானாக நின்றால் அதற்கும் அதே தீர்ப்புத்தான். வினோஜனின் கால் பிரேக்கில் படவில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் போதும். எனவே நிறுத்திவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று நஸீரிடம் சொன்னேன்.

நஸீர் கையைத் துணியில் துடைத்தார்.

"ஐயா, இது ஒரு உதவிதான். சில நேரம் நிக்கும், சில நேரம் நிக்காது. எதிர்வெயில் அடிச்சா அதுக்கும் கண் தெரியாது. போன மாசம் ஒருத்தர் இதை நம்பி, நிண்ட லொறிக்குப் பின்னால கொண்டுபோய் அடிச்சவர். பிரேக் எண்டது காலுக்குக் கீழதான் இரிக்கி."

குளிர்த்திக்கு இன்னும் இருக்கிற மூன்று நாளும் என் கண்ணால் பார்க்கப்போகிறேன், எனக்குப் பாடம் வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் தந்தார்.

மூன்று நாளும் பார்த்தேன். தினமும் காரைக் கொண்டுபோனோம். ஒரு நாள் ஆட்டுக்கு நின்றது. ஒரு நாள் காற்றில் வந்த பொலித்தீன் பைக்கு நின்றது. கடைசி நாள் ஆச்சிப்பிள்ளையே முக்காலியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள், அதற்கும் நின்றது. அவளும் திருப்தியாகத் தலையசைத்தாள், நானும் தலையசைத்தேன். முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தக் கார் நிற்கும் என்பதுதான்.

குளிர்த்தியன்று காலை மடைப்பெட்டி ஏறும் வாகனத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்றேன். என் மகள் விதுர்ஷா காரைக் கழுவி, முன்பக்கச் சின்னத்தின் மேல் வேப்பிலை மாலையை நெருக்கமாகக் கட்டினாள். சந்தனத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். நெற்றியில் என்று நானே சொன்னேன். காருக்கு நெற்றி எங்கே இருக்கிறது? முன் கண்ணாடியின் மேல் நடுப்பகுதியில்தான். ஒரு சிரட்டைச் சந்தனத்தை அவ்விடத்தில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். வினோஜன் காரை இயக்கியதும் அந்தப் பெண்குரல் நீளமாக ஏதோ சொன்னது. திரையில் மஞ்சள் எழுத்துகள் வந்தன. வாழ்த்துச் சொல்லுகிறது போலும் என்றேன். வினோஜனும் மறுக்கவில்லை.

பறை முன்னால் போனது. பெண்கள் குரவை போட்டார்கள். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தோம். இந்த வகைக் கார் மிதிக்காவிட்டாலும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும்போது வினோஜனிடம் காலை எடுக்கச் சொன்னேன். அவன் இரண்டு கால்களையும் ஆசனத்தின் மேல் தூக்கி, சாப்பாட்டுப் பாயில் இருப்பதுபோல் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். வீதியோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் கண்ணாடியோடு கூடவே நடந்து வந்து, கால் மடித்திருக்கிறது, மடித்திருக்கிறது என்று சனத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

பறைக்காரர்கள் நிறைகுடத்தை விலகிப் போனார்கள். அதன் அருகில் ஆச்சிப்பிள்ளை கூறைச்சேலை உடுத்து, தட்டத்தை ஏந்தியபடி நின்றாள். நாற்பது அடி, முப்பது அடி. கார் கத்துமென்று காத்திருந்தேன். அது கத்தவில்லை.

"மாமா, இது நிக்கிற மாதிரித் தெரியல்ல," என்றான் வினோஜன்.

நிற்கும் என்றேன். காலைக் கீழே வைக்கட்டுமா என்று கேட்டான். வைத்தால் நாங்கள் விரும்பி நிறுத்தியதாகும், பங்கு போய்விடும், அசையாதே என்றேன். இதை நான் சொன்னதை மறைக்கமாட்டேன். பதினைந்து அடியில்தான் அவளுடைய கால்கள் எனக்குத் தெரிந்தன. செருப்பில்லாத, நரம்பு புடைத்த, என்னைப்போலவே முழங்கால் வீங்கிய கால்கள். அவை ஓடக்கூடிய கால்கள் அல்ல.

தலையை வெளியே நீட்டினேன். "அக்கா, விலகு."

முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவள் அசையவில்லை.

"கார் நிக்கும் தம்பி, நீ பேசாம இரி," என்றாள்.

அவளுக்கு இருந்த நம்பிக்கையில் அரைவாசிகூட அந்த நேரத்தில் எனக்கு இல்லை. வினோஜன் மடித்த காலை அவிழ்க்கப் பார்த்தான். வேட்டிக்குள் சிக்கிக்கொண்டது. நான் ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு மறுகையால் ஸ்ரேறிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கார் நிறைகுடத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் திரும்பியது. கரையிலிருந்து இறங்கியது. கரைச் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றையை முறித்துக்கொண்டு வாவிக்குள் போய், சேற்றில் மூக்கைப் புதைத்தது. நிறைகுடத்துத் தேங்காய் அசையக்கூட இல்லை.

தண்ணீர் ஆசன மட்டத்துக்கு ஏறியது. நான் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்தேன். வினோஜன் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியேறி, கண்ணாமரத்தின் வேரில் கால் மாட்டி விழுந்து கிடந்தான். கரையில் நின்ற சனம் உதவிக்கு வருவதற்கு முன் வழக்கைத் தொடங்கிவிட்டது. வாவிக்குள் நின்றது வாசலில் நின்றதாகுமா என்று ஒருவர் கேட்டார். படலைக்கு நேரே நிற்கிறதே என்றார் இன்னொருவர். கால் மடித்துத்தான் இருந்தது என்று என் பெரியவர்கள் இருவரும் சாட்சி சொன்னார்கள்.

ஆச்சிப்பிள்ளை மட்டும் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். கூறைச்சேலை வாவியில் விரிந்து மிதந்தது. தட்டம் அவளுடைய கையிலிருந்து நழுவி, வெற்றிலையெல்லாம் கோயில் திசையில் மிதந்து போனது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியில் வந்து நின்றாள்.

"பெட்டியத் தா. பெட்டியோட நீ இறங்கினா ரெண்டும் விழும்."

வண்ணக்கர் உயிரோடிருக்க இன்னொருவர் கையில் பெட்டியா? மடியில் இருந்தபோதே நனைந்த பெட்டியின் அடியிலிருந்து ஈரம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அம்மனின் பட்டு நனைந்தால் குடிக்கே குறை. கொடுத்தேன். அவள் அதைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்து, மறுகையை எனக்கு நீட்டினாள். சனத்தின் முன் அதைப் பிடித்துத்தான் இறங்கினேன். வேறு வழியில்லை.

கரையேறியதும் தருவாள் என்று நினைத்தேன். அவள் தரவும் இல்லை, நிற்கவும் இல்லை. தன் படலையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே கோயிலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் நொண்டினேன். பறைக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

கோயில் வாசலில் கட்டாடியார் பெட்டியை வாங்கி, இந்த வருடம் மடை யாருடைய பெயரில் என்று கேட்டார். ஆச்சிப்பிள்ளை சேலைத்தலைப்பைப் பிழிந்தாள்.

"வேற ஆர்ர பேரில? தம்பிர பேரில. நான் சும்மா சுமந்தன்."

முப்பத்தொரு வருடமாக அவளுக்குக் கொடுக்காமல் காத்ததை, அவள் எனக்குத் தானமாகக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் யாரும் தானமாக மரியாதை வாங்கியதில்லை.

"அவவிட பேரில சொல்லுங்க," என்றேன்.

"எனக்கு ஆரும் பிச்சை போட வேணா."

"எனக்கும்தான்."

கட்டாடியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த கற்பூரம் எரிந்து முடிந்தது. இன்னொன்றைக் கொளுத்தினார். அதுவும் முடிந்தது. மூன்றாவதைக் கொளுத்தி, எந்தப் பெயரையும் சொல்லாமல், குடியின் பெயரை மட்டும் உரத்துச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த குளிர்த்திக்கு மடைப்பெட்டி காரில் வராது என்பதில் ஆச்சிப்பிள்ளைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. எந்த வீட்டிலிருந்து புறப்படுவது என்பதில்தான் இன்னும் இணக்கமில்லை. உன் வீட்டிலிருந்துதான் என்று தினமும் பின்னேரம் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் வீட்டிலிருந்துதான் என்று நானும் விடுவதாயில்லை.