கண்ணாடி தனி, மரம் தனி, தாள் தனி

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகசபையில் நானும் இருக்கிறேன். தகுதி பார்த்து எடுத்ததல்ல. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தெரியாத்தனமாகத் தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நோர்வேயின் ரொம்சோசில் எங்கள் கட்டடத்துக் குப்பைப் பொறுப்பு சற்குணம் என்ற என் தலையில்.

2009 இலையுதிர்காலத்தில் நகரசபையின் புதுப் பைகள் வந்தன. சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சை, பிளாஸ்டிக்குக்கு நீலம், கடதாசிக்குத் தனித் தொட்டி, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் கடையடியில் இன்னொன்று. பகல் முழுக்க ஹோட்டலில் பிறர் தின்ற கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்தால், கட்டட வாசலிலேயே எங்கள் ஆட்கள் மறிப்பார்கள்.

"அண்ணை, மீன் செதில் பச்சையோ?"

"ஓம், பச்சை."

"மீன் சுத்தி வந்த பை?"

"கழுவினா நீலம்."

"குப்பையைக் கழுவிப் போடுறதோ? இஞ்சை சட்டி கழுவவே ஆளில்லை!"

மறுபக்கம் தலைவி பியோர்க். ஓய்வுபெற்ற ஆசிரியை. எந்தப் பை பிரிந்து குழம்பு ஒழுகினாலும் அது தமிழர் பை என்று வாசனையிலேயே கண்டுபிடித்து, என் வீட்டு மணியைத்தான் அடிப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்ததும் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி உதயகுமாரி கையில் தந்த குப்பையைத்தான் எங்கே போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அது ஒரு முருகன் படம். கண்ணாடி போட்டது. திருகோணமலையிலிருந்து வரும்போது சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தாள். இத்தனை வருடமும் முதியோர் இல்லத்துத் துப்புரவு வேலைக்குப் போகமுன் அதற்கு விளக்கு ஏற்றாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. அவளுடைய ஒரே தம்பி தயாபரன் வன்னியில் இருந்தான். அந்த வருடத் தொடக்கத்தில் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள், பிறகு செவ்வாயும் பிடித்தாள், பிறகு எந்த நாள் சாப்பிட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. ஏப்ரலோடு தொலைபேசியில் தம்பியின் குரல் நின்றது. சண்டை முடிந்த பிறகு, ஜூனில், தம்பி இல்லை என்ற சேதி வந்தது.

அழுதாள். பிறகு அழுகையும் நின்றது. ஒக்டோபரில் ஒரு நாள் சாமித்தட்டைத் துடைத்து, விளக்கை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ."

"எங்கை?"

"நீங்கள்தானே குப்பைக்கு அதிகாரி. உங்களுக்குத் தெரியாதோ?"

"கோயிலிலை குடுப்பமே."

"அங்கை குடுத்தா ஆரும் விளக்குக் கொளுத்துவினம், பூ வைப்பினம். வேண்டாம். குப்பையிலைதான் போடவேணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கோபமே இல்லை. களைத்துப்போன குரல். முன்பெல்லாம் முழங்கால் வலியோடு கதிரையில் இருந்தாலும் "முருகா", எழும்பினாலும் "முருகா". அந்தச் சொல் நின்ற பிறகு வீட்டில் அவள் நடமாடுவதே கேட்பதில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். படத்தைப் போடுவதில் எனக்குப் பாவபுண்ணியக் கணக்கு ஒன்றும் இல்லை. அதோடு அவளும் எங்கோ போய்விடுவாள் என்றுதான் பயந்தேன்.

ஆனாலும் கொண்டுபோனேன். கடதாசித் தொட்டியின் மூடியைத் தூக்கினேன், உள்ளே விளம்பரத் தாள்களும் பீட்சாப் பெட்டிகளும் கிடந்தன. மூடிவிட்டுப் படத்தைக் குப்பையறையின் வெளிச்சுவரோடு சாத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன்.

மறுநாள் காலை மணி அடித்தது. கதவைத் திறந்தது உதயகுமாரி. வாசலில் பியோர்க், அவர் கையில் முருகன்.

"இது வெளியே நின்றது. இரவு மழை, துடைத்திருக்கிறேன்" என்றார் பியோர்க். பிறகு என் பக்கம் திரும்பினார். "தொட்டிக்கு வெளியே எதையும் வைக்கக்கூடாது, சற்குணம். நீங்களே இதை எல்லோருக்கும் சொல்கிறவர். கண்ணாடி தனி, மரம் தனி, தாள் தனி."

உதயகுமாரி படத்தை வாங்கினாள். முருகனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ரை தொண்டை வறண்டுது, வரேல்லை. போகச் சொன்னா மட்டும் வாசலுக்கு வந்து மணி அடிக்கிறார்."

என்ன சொல்கிறார் என்று பியோர்க் கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் படம் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் நின்றது. சட்டத்தைக் கழற்றத் திருப்புளியை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் அதன் முன்னால் போய் இருந்தேன். இரண்டு தரமும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். அவள் பார்த்தும் பாராமல் போனாள்.

சனிக்கிழமை டுக்னாட். நோர்வேக்காரர் டுக்னாட் என்பது நாங்கள் ஊரில் சொல்லும் சிரமதானம்தான், முடிவில் சோசேஜ் கிடைக்கும் என்பதுதான் வித்தியாசம். முற்றத்தில் பெரிய கொள்கலன் வந்து நின்றது. நிலவறையில் கிடந்த பழைய தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஆட்கள் தூக்கி வந்தார்கள். நான் இலை கூட்டினேன். உதயகுமாரியும் வந்து கூட்டினாள்.

பியோர்க் மட்டும் முற்றத்து மர வாங்கில் அமர்ந்து, மடியில் எதையோ வைத்துச் சின்னக் கத்தரிக்கோலால் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனால், நோர்வேக் கொடி. எங்கள் கொடிக்கம்பத்தில் காற்றில் கிழிந்து, சில வருடமாக நிலவறையில் கிடந்தது.

"அதை அப்படியே பையில் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

பியோர்க் என்னை வகுப்பில் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கொடியைக் குப்பையில் போட முடியாது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துவிட வேண்டும். அதன் பிறகு அது கொடி இல்லை. துணி. துணியைப் போடலாம்."

உதயகுமாரி கூட்டுவதை நிறுத்தினாள். தும்புத்தடியை என் கையில் தந்துவிட்டு மேலே போனாள். வரும்போது கக்கத்தில் படமும் கையில் திருப்புளியும் இருந்தன. வாங்கில் பியோர்க்குக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

தடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. சும்மா கிடந்த இலையையே திரும்பத் திரும்பக் கூட்டினேன்.

பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். பியோர்க் ஒரு வெறும் டப்பாவை நீட்ட, ஆணிகளை அதில் போட்டாள். பலகையைக் கழற்றினாள். கண்ணாடியை எடுத்து வாங்கின் ஓரத்தில் கவனமாக வைத்தாள். மரச்சட்டத்தை நாலாகப் பிரித்துத் தந்தாள், நான் கொண்டுபோய்க் கொள்கலனில் போட்டேன். மடியில் தாள் மட்டும் மிஞ்சியது. வெயிலும் விளக்குப் புகையும் பட்டு முருகன் மங்கிப்போயிருந்தார். சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் மட்டும் மயிலின் பச்சை புதிதாக இருந்தது.

"யார் இவர்?" என்று பியோர்க் கேட்டார்.

உதயகுமாரி வேலைத்தலத்தில் பழகிய நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: "என் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரிடம் விட்டிருந்தேன். பார்க்கவில்லை."

பியோர்க்கின் கத்தரிக்கோல் நின்றது. சுடுதண்ணிப் போத்தலில் இருந்த கோப்பியை அதன் மூடியில் ஊற்றி அவளிடம் கொடுத்தார். அந்த மனுசியில் எனக்கு இருந்த எரிச்சல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு உதயகுமாரி தாளோடு கடதாசித் தொட்டியடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். ஒரு கையால் மூடியைத் தூக்கினாள். மற்றக் கையில் முருகன். மூடி பாரம். நான் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று தலையாட்டினாள். அப்படியே நின்றாள்.

பிறகு மூடியை விட்டாள். அது பெரிய சத்தத்தோடு விழுந்தது.

"அந்த மனுசியின்ரை கொடி துணியாப் போட்டுது" என்றாள். "இவர் எவ்வளவு கழட்டியும் முருகனாத்தான் நிக்கிறார்."

"நான் போடட்டோ?"

"இவரையும் போட்டிட்டா நான் இனி ஆரைப் பேசுறது? ஆரோடை கோவிக்கிறது? உங்களோடையோ? நீங்கள் பாவம்."

சொல்லும்போதே வாய் கோணி, மாதக்கணக்கில் வராத அழுகை வந்தது. தொட்டியடியில் நின்று, தாள் நனையாமல் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கண்ணாடியை நான் கடையடித் தொட்டியில் போட்டேன். எல்லாம் பியோர்க் சொன்ன முறைப்படி.

தாளை அவள் குசினி அலுமாரிக் கதவில் டேப்பால் ஒட்டினாள். சாமித்தட்டில் இல்லை. விளக்கும் இல்லை, பூவும் இல்லை. திங்கட்கிழமை விடிய, நான் கட்டிலில் கிடக்க, கேத்தல் கொதிக்கும் சத்தத்துக்கு மேலால் அவளுடைய குரல் கேட்டது.

"என்ன முருகா, கையிலை வேல் இருந்தும் நீ என்ன பாத்துக்கொண்டு நிண்டனி? ஒரு பெடியன். ஒரே ஒரு பெடியன். அவனைக்கூட உன்னாலை பாக்க ஏலாமப் போச்சோ?"

அவள் பேசி முடியுமட்டும் நான் எழும்பவில்லை.