நீச்சல்குளத்துக்குக் கல்யாணச் சான்றிதழ்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், இறைச்சித் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஜூலை வெயிலுக்கு நகராட்சி நீச்சல்குளத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அந்தக் கோடையில் அதன் வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'ஊர்வாசிகளுக்கு மட்டும். சான்று காட்டவும்.'

பலகை என்னவோ பொதுதான். ஆனால் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த நகராட்சி ஊழியர் டுவேன், எங்களைப் போன்ற மெக்சிகோ வம்சத்தாரிடம் மட்டுமே சான்று கேட்டார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போயின.

என் பக்கத்து வீட்டு எர்மினியா தொழிற்சாலையில் கறி வெட்டுகிறவள். இரண்டு மகள்களோடு போனவளிடம் டுவேன் தண்ணீர்க் கட்டண ரசீது கேட்டார். மறுநாள் கொண்டுபோனாள். அது போதாதாம். எங்கே பிறந்தாய் என்றார்.

"இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான் சார். உங்க மகனும் நானும் ஒரே வகுப்பு."

"அதுக்குப் பேப்பர் இருக்கா? இல்லேன்னா உங்க ஊருக்கே போய்க் குளி."

வீடு வரும்வரை சின்னவள், நம் ஊர் எது என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் எர்மினியாவுக்குக் குரல் உடைந்தது. வம்பு வேண்டாம், கொல்லையில் ஒரு தொட்டி வாங்கி வைக்கிறேன் என்றான் அவள் கணவன் ரொகேலியோ.

"தொட்டியில மீன் வளக்கலாம். பொண்ணுங்கள வளக்க முடியாது," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சான்றுதானே கேக்குறாங்க? குடுப்போம்க்கா. வீட்ல இருக்கறது அத்தனையும் குடுப்போம்."

சாயங்காலம் முழுக்க அவள் கையில் போன்தான்.

சனிக்கிழமை மதியம் வாசல் திறந்தபோது நாற்பது குடும்பங்கள் வரிசையில் நின்றோம். நான் என் கல்யாணச் சான்றிதழையும், அதற்கு முந்தைய கல்யாணத்தை ரத்து செய்த தீர்ப்பையும் கொண்டுபோயிருந்தேன். ரொகேலியோ நாயின் தடுப்பூசிச் சீட்டு வரை எடுத்து வந்திருந்தான். கிழவர் கிரெசென்சியோ, ராணுவத்தில் வாங்கிய பாராட்டுப் பத்திரத்தைச் சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றித் தூக்கி வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படிக்கும்படி டுவேனைக் கேட்டுக்கொண்டோம். கேட்டவர் அவர்தானே, மறுக்க முடியவில்லை. வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

வியர்த்துப்போன டுவேன், பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களைப் பக்கவாட்டில் வரச்சொல்லிக் கை காட்டினார். பாதி ஊருக்கு எழுத்தறிவித்த லோர்னா டீச்சர் மட்டும் நேராக அவர் முன்னால் வந்து நின்றார்.

"என்கிட்டயும் கேளு டுவேன்."

"உங்களப் போய் எப்படி டீச்சர்..."

"ஏன், என் மூஞ்சில விலாசம் எழுதியிருக்கா? என் வீடு ஊர் எல்லைக்கு வெளிய, சோளக்காட்டுக்கு நடுவுல இருக்கு. முப்பது வருஷமா இங்கதான் குளிக்கிறேன். ஒரு பய கேட்டதில்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவருக்குப் பின்னால் நின்ற இன்னும் நாலைந்து பேர், தாங்களும் எல்லைக்கு வெளியேதான் என்று அசடு வழிந்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த குளத்து மேலாளர் தெரு வரை நீண்ட வரிசையைப் பார்த்தார். பிறகு பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் உள்ளே போங்கள் என்றார்.

எர்மினியா அத்தோடு விடவில்லை. நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசி, எழுத்தில் மன்னிப்பு வாங்கினாள். டுவேனைப் பூங்காவில் புல் வெட்டப் போட்டார்கள். இன்றைக்கும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும்.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு, மூடுவதற்கான விசில் ஊதினார்கள். சின்னவள் உதடு நீலம் பாரித்தும் கரையேற மறுத்தாள். எர்மினியா அதட்டவில்லை. போட்டிருந்த ஜீன்ஸோடு தண்ணீரில் இறங்கி, மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்டச் சிரித்தபடி எங்களோடு தெருவில் நடந்து வந்தாள்.